தட்டுவது யார் கை?

இன்று கொஞ்சம் வரலாறு பேசுவோமா?

1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடியது. குறியீடு எல்லாருக்கும் ஒன்றுதான். தட்டும் தாளம் ஆளுக்கு ஆள் வேறு. பழகிய தந்திக்காரர், பெயர் கேட்காமலே "இது இன்னார் கை" என்று சொல்லிவிடுவார். கையெழுத்தைப் பார்த்தே உங்களில் யார் எழுதிய விடைத்தாள் என்று எனக்குத் தெரியுமே, அதுபோல!

இரண்டாம் உலகப் போரில், எதிரியின் தட்டும் தாளத்தைக் கேட்டே எந்தப் படைப்பிரிவு எங்கே நகர்கிறது என்று பிரிட்டிஷ்காரர்கள் ஊகித்தார்கள்.

ஆனால் கை உண்மையாக இருந்தால் போதுமா? 1942 மார்ச்சில் ஹூப் லாவர்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவாளி நெதர்லாந்தில் பிடிபட்டார். அவரைக் கொண்டே ஜெர்மானியர் லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். கை அவருடையது, கட்டுப்பாடு எதிரியுடையது. ஆபத்தில்லை என்பதற்கு அடையாளமாக வேண்டுமென்றே செய்ய வேண்டிய பிழையை அவர் செய்யாமல் விட்டார். லண்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்தடுத்து அனுப்பப்பட்ட ஏறக்குறைய 50 பேர் நேராக எதிரியின் கையில் போய் விழுந்தார்கள். பெரும்பாலோர் திரும்பவே இல்லை.

இப்போது 2025-க்கு வருவோம். அமேசானில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஊழியரின் மடிக்கணினி அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்தது. அவர் தட்டும் எழுத்து சில பத்து மில்லிநொடியில் வந்து சேர வேண்டும். 110 மில்லிநொடிக்கு மேல் ஆனது. துருவிப் பார்த்தால், கணினி மட்டும்தான் அங்கே. தூரத்திலிருந்து இயக்கியவர் வட கொரிய ஆள்!

கணக்கு எளிது. ஒளியிழைக் கம்பியில் செய்தி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். 10,000 கி.மீ. கடக்கவே 50 மில்லிநொடி வேண்டும். பெயரை மாற்றலாம், முகவரியை மாற்றலாம். தூரத்தை மறைப்பது கடினம். இணையம் மந்தமானாலும் தாமதம் வரும் என்பதால், அது சந்தேகத்துக்கு வாசல் மட்டுமே, தீர்ப்பு அல்ல. லண்டன் அந்த வாசலைத் தட்டிப் பார்க்கவில்லை, இவர்கள் பார்த்தார்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஒரு செயலியைப் போடச் சொன்னால் போடாதீர்கள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

தெரியாத பிள்ளைகள் கருத்தில் கேளுங்கள், சொல்கிறேன்.