ஓமத்தின் சரித்திரம்

குமாரலிங்கபுரம் முதல் திருச்சுழி வரையுள்ள இக்கரிசற் சீமையில் ஓமத்தண்ணீர் அறியாத வீடு அரிது. குழந்தைக்கு வயிறு பொருமினாலும் பெரியோர்க்கு அசீரணம் நேரினும் முதற்கண் நாடப்படுவது அதுவே. இதனைக் கிழவியர் வைத்தியமென்று இகழ்வாரும் உளர். இதனால் தீராத நோயில்லை யென்று புகழ்வாரும் உளர். இருதிறத்தாரும் ஓமத்தின் சரித்திரத்தை அறியார் என்பது எமது துணிபு.

வடநூலார் ஓமத்தை யவானி என்பர். இந்தியில் வழங்கும் அஜ்வாயின் என்பது அதன் திரிபு. அப்பெயர் யவனரைச் சுட்டுவதென்று கொள்வாரும் உண்டு. செடியும் மேற்றிசையினின்று வந்ததென்றே தாவர நூலார் பலர் கருதுவர். ஆதலின் இது நம் பூர்விகச் சொத்தென்று பெருமை பேசுதல் பொருந்தாது. நிற்க.

ஓமத்தை வாலையிலிட்டு வடித்தால் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு எண்ணெய் கிடைக்கும். அதனைக் குளிரவைத்தால் கற்பூரம்போற் படிகம் படியும். வடநாட்டுக் கடைவீதிகளில் இதனை ஓமப்பூ என்னும் பொருள்பட 'அஜ்வாயின் கா பூல்' என்றே விற்றனர். மேனாட்டார் இட்ட பெயர் தைமால். 1719இல் காஸ்பர் நோய்மன் என்னும் ஜெர்மானியர் தைம் என்ற வேறொரு செடியின் எண்ணெயில் இதனைக் கண்டார். நம் ஓமத்தில் இது மிகுதியென்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான் தெளிவாயிற்று. 1887இல் பாஸ்டரின் துணைவர் சாம்பர்லாந்து, வாசனை எண்ணெய்கள் அடைப்பான் நோய்க் கிருமியைத் தடுக்குமாற்றைச் சோதித்து வெளியிட்டார். கிருமியின் மேற்சவ்வைத் தைமால் சிதைக்க, உள்ளிருப்பவை கசிந்து அது மடிகின்றது என்பது பிற்கால ஆய்வாளர் கண்ட விளக்கம்.

இனி வாணிகத்தைப் பார்ப்போம். இந்திய ஓமம் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்றது. அங்குள்ள ஆலைகள் தைமாலை வடித்து உலகுக்கு விற்றன. கொக்கிப்புழு நோய்க்கு அக்காலத்தில் அதுவே பெருமருந்து. 1909இல் ராக்பெல்லரின் பொருளுதவியால் அமெரிக்காவில் தொடங்கிய ஒழிப்பு முயற்சியும் அதனையே கைக்கொண்டது. 1914இல் மகாயுத்தம் மூண்டது. ஜெர்மனியோடு வாணிகம் அறுந்தது. தைமாலுக்கு எங்கும் தட்டுப்பாடு. விதையோ இங்கே கிடந்தது! யுத்த நெருக்கடி வந்த பின்னரே இந்நாட்டில் அதனைப் பெருமளவில் வடிக்க முற்பட்டனர். பிற்காலத்தில் ரசாயன முறையில் தைமால் மலிவாகச் செய்யப்படவே, ஓமத்துக்கிருந்த அச்சந்தையும் தளர்ந்தது. நம் வகுப்பாரில் பலசரக்குக் கடை நடத்துவோர் பலர். விதை விற்றவன் பெற்றதும் வடித்து விற்றவன் பெற்றதும் எவ்வளவு என்பதை அவர்களே கணக்கிட்டுக் கொள்வர்.

ஆயினும் ஒன்று. தைமால் 1 லிட்டர் நீரில் ஏறக்குறைய 1 கிராமே கரையும். நம் வீட்டு ஓமத்தண்ணீரில் அதனினும் குறைவாகவே இருக்கும். சோதனைச் சாலையிற் கிருமி மடிந்தது கொண்டு குடலிலும் அவ்வாறே மடியுமென்றல் பிழை. வாயுவைக் கலைக்க ஓமத்தண்ணீர் நன்று. வாந்திபேதியிலோ உயிரைப் போக்குவது உடலின் நீரும் உப்பும் வெளியேறுதலே. அந்நிலையில் தாய்மார் ஓமத்தண்ணீரை நம்பி ஒரு பகலைக் கழித்தாலும் குழந்தை தளர்ந்துவிடும். 1971இல் வங்கத்து அகதிகளிடையே காலரா பரவியபோது, போங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுகோசும் கலந்த நீரைப் புகட்டியே பல்லாயிரவரைப் பிழைப்பித்தார். அக்கலவையே இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிற் பொட்டலமாக இலவசமாய்க் கிடைக்கின்றது.