85 செகண்ட் படமும் ஒரு பழைய மலை ரோடும்

இன்னைக்கு நாம மெக்சிகோவோட வடமேற்குல இருக்கிற சியர்ரா மாத்ரே ஆக்சிடென்டல் மலைத்தொடருக்குப் போறோம். துராங்கோ நகரத்துல இருந்து பசிபிக் கடற்கரையில இருக்கிற மசாட்லான் வரைக்கும் ஒரு பழைய நெடுஞ்சாலை இருக்கு. நம்பர் 40. அதுல ஒரு பகுதியோட பேரே 'சாத்தானின் முதுகெலும்பு'. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம். 2013-ல பக்கத்துலயே ஒரு டோல் ரோடு திறந்துட்டாங்க. அறுபதுக்கும் மேல சுரங்கப்பாதை, பள்ளத்தாக்குக்கு மேல 400 மீட்டர் உயரத்துல பலுவார்த்தே பாலம். பயண நேரம் கிட்டத்தட்ட பாதி ஆயிடுச்சு.

ஆனா பறவை பார்க்கப் போறவங்க பழைய ரோட்டைத்தான் பிடிப்பாங்க. காரணம், வழியில எல் பால்மிட்டோன்னு ஒரு சின்ன கிராமம். அங்கே டஃப்டட் ஜே இருக்கு. கருநீலமும் வெள்ளையும் கலந்த உடம்பு, மஞ்சள் கண்ணு, நெத்தியில பிரஷ் மாதிரி ஒரு கொண்டை. இந்த மலையைச் சுத்தி இருக்கிற சின்ன பரப்பைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. இவ்வளவு பகட்டான பறவைக்கு அறிவியல் பேர் வச்சதே 1935-லதான்னா, இந்த மலை எவ்வளவு காலம் வெளியாட்கள் கண்ணுல படாம இருந்திருக்குன்னு பாருங்க. அங்கே நிலம் 'எஜிதோ', அதாவது மெக்சிகோ புரட்சிக்கு அப்புறம் வந்த கிராமப் பொது நில முறை. ஊர்க்காரங்களே காட்டுல ஒரு பகுதியை இந்தப் பறவைக்காக ஒதுக்கி வச்சிருக்காங்க.

சரி, இன்னைக்குக் கதை இந்தப் பறவை இல்ல. இதே மலையில இருந்த இன்னொரு பறவை.

இம்பீரியல் மரங்கொத்தி. உள்ளூர்ல 'பிட்டோரியல்'. நீளம் சுமார் 60 சென்டிமீட்டர். உலகத்துலயே பெரிய மரங்கொத்தி. ஆணுக்குச் சிவப்புக் கொண்டை, பெண்ணுக்கு முன்பக்கமா சுருண்ட கறுப்புக் கொண்டை. பட்டுப்போய் நிக்கிற பெரிய பைன் மரங்கள்ல பட்டையை உரிச்சு, உள்ள இருக்கிற வண்டுப் புழுக்களைத் தின்னும். 'பட்டுப்போய் நிக்கிற'ங்கிறதைக் கவனிங்க. மரக் கம்பெனி கண்ணுக்கு அது வேஸ்ட். இந்தப் பறவைக்கோ அதுதான் சாப்பாடு, வீடு எல்லாமே.

1956-ல அமெரிக்காவோட பென்சில்வேனியாவுல இருந்து வில்லியம் ரைன்னு ஒரு பல் டாக்டர், துராங்கோ மாநிலத்தோட தெற்கு மலைகளுக்கு வந்தார். கோவேறு கழுதை மேல உட்கார்ந்தபடி, கையில 16 எம்.எம். கேமராவோட, ஒரு பெண் பறவையைப் படம் எடுத்தார். மொத்தம் 85 செகண்ட். ஷேக் ஆகுற, கலர் படம். படம் சரியில்லைன்னு அவருக்கே கூச்சம், அதனால வெளியிடவே இல்ல. உயிரோட இருக்கிற இம்பீரியல் மரங்கொத்திக்கு இன்னைக்கு நம்மகிட்ட இருக்கிற ஒரே படப்பதிவு அதுதான். உறுதியான கடைசிப் பார்வையும் அதுதான்.

1990-கள்ல மார்ட்யன் லாமர்டிங்க்ங்கிற ஆய்வாளர் பழைய கடிதம் ஒண்ணை வச்சுத் துப்பு துலக்கி ரைனைத் தேடிப் போய்ப் படத்தைப் பார்த்தார். 2011-ல கார்னெல் பறவையியல் ஆய்வகத்தோட சேர்ந்து அது வெளிவந்தது. மோசம்னு ஒதுக்கின படத்தை பிரேம் பிரேமா பிரிச்சு, எப்படித் தாவி ஏறுது, செகண்டுக்கு எத்தனை தடவை இறக்கை அடிக்குதுன்னு கணக்குப் போட்டாங்க. டெலீட் பண்ணப் பார்த்த லாக் ஃபைல்ல இருந்து மொத்த சிஸ்டத்தையும் புரிஞ்சுக்கிற மாதிரி.

எப்படி அழிஞ்சுது? 'காட்டை வெட்டினாங்க'ன்னு ஒரே வரியில முடிச்சுடலாம். பாதி உண்மை. 1962-ல இதைத் தேடிப் போன ஜேம்ஸ் டானர், வேட்டைதான் பெரிய காரணம்னு நினைச்சார். சாப்பிட, மருந்துக்கு, சில சமயம் சும்மா பார்க்கிறதுக்கே சுட்டிருக்காங்க. காட்டிலாகா ஆளுங்க மரத்துல விஷம் தடவச் சொன்னாங்கன்னும் பெரியவங்க சிலர் சொல்லியிருக்காங்க. அதுக்கு ஆவணம் எதுவும் இல்ல.

ஆனா கிராமத்து ஆளுங்க தலையில மட்டும் பழியைப் போடறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அவங்களும் அந்தப் பறவையும் பல தலைமுறையா அதே மலையில இருந்தவங்கதான். எல் சால்டோ மாதிரி மர ஊர்களும், மரம் ஏத்த ரோடும், அதுவழியா துப்பாக்கியும் வந்த பிறகுதான் கணக்கு மாறுச்சு. அருங்காட்சியகத்துக்காகச் சுட்டு எடுத்துட்டுப் போன பறவைகளே நூத்துக்கு மேல. அதை 'சேகரிப்பு'ன்னு எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

2010-ல லாமர்டிங்கும் டிம் காலகரும் அந்த இடத்துக்கே போனாங்க. போதைப்பயிர் வளர்க்கிற பகுதி, உயிருக்கே ஆபத்து. பறவை கிடைக்கல. ஆனா அதைப் பார்த்த ஞாபகம் உள்ள முதியவங்க கிடைச்சாங்க. சிவப்புப் பட்டியல்ல இன்னும் 'அழிந்திருக்கலாம்'னுதான் போட்டிருக்கு.

அந்த 85 செகண்ட் படம் இணையத்துல இருக்கு, போய்ப் பாருங்க. பறவையோட சேர்த்து பின்னாடி நிக்கிற பைன் மரங்களையும் கவனிங்க. 2010-ல போனவங்க அந்தப் பெரிய மரங்களையும் அங்கே பார்க்கல.