சிவகாசி: மக்கள்தொகையும் மதுப்பழக்க மீட்பும்

சிவகாசி, விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் நகரம்; 2021 முதல் மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 71,040. சுற்றுக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வருவோர் இவ்வெண்ணில் இல்லை. ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்து மதுப்பழக்க மீட்புச் சேவையைத் திட்டமிடக் கூடாது. அச்சேவை இங்கு அவசியம்: பட்டாசு ஆலையில் உராய்ந்தாலே வெடிக்கும் மருந்தைக் கையாளும் அறையில், போதை தெளியும்போது வரும் கைநடுக்கம் ஒருவருக்கு மட்டுமான ஆபத்தன்று. குடிப்பவரை வேலையிலிருந்து நீக்கினால் போதாதா என்று கேட்கலாம். ஆனால் வேலை போகும் என்ற அச்சம் குடிநோயை மறைக்கவே வைக்கும். மதுக்கடையை மூடச் சொல்வோரின் கோரிக்கையில் கூலியை இழந்த குடும்பங்களின் வேதனை இருக்கிறது, அது நியாயமானது. ஆனால் கடை மூடப்பட்டு நெடுநாள் குடிநோயாளி திடீரெனக் குடியை நிறுத்தினால் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் வரலாம், உயிரும் போகலாம். எனவே மருத்துவக் கண்காணிப்பு தேவை. பட்டாசு ஆலைகளின் பாதுகாப்புப் பயிற்சியிலேயே அத்தகைய சிகிச்சைக்கான வழிகாட்டல் இடம்பெற வேண்டும். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.