கறையிலிருந்து காப்புக்கு: புளோரைட்டின் வரலாறு

1901ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகரிற் தொழில் தொடங்கிய பல் வைத்தியர் பிரெடறிக் மக்கே, அவ்வூரிற் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களிற் கபிலநிறக் கறைகளைக் கண்டார். இன்று குழந்தைகளுக்குப் பயன்படும் பற்பசையின் வரலாறு அக்கறையிலிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

மக்கேயும் பல் மருத்துவ அறிஞர் ஜி. வி. பிளாக்கும் மேற்கொண்ட ஆய்வுகள் இரு உண்மைகளைப் புலப்படுத்தின. பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே கறை ஏற்படுகின்றது. வளர்ந்தபின் அவ்வூருக்கு வந்தோரை அது தாக்குவதில்லை. வியப்பு யாதெனில், கறைபட்ட பற்கள் சூத்தைக்கு எளிதில் இரையாவதுமில்லை. 1923இல் ஐடகோ மாநிலத்து ஓக்லியிலே, புதிய ஊற்றொன்றிலிருந்து குழாய்நீர் வந்தபின்னரே கறை தோன்றிற்று எனப் பெற்றோர் கூறினர். மக்கேயின் ஆலோசனைப்படி அந்நீர் கைவிடப்பட்டது. சில ஆண்டுகளில் இளம் பிள்ளைகளுக்குக் கறையற்ற பற்கள் முளைத்தன. நீரிற் கலந்திருந்த பொருள் புளோரைட்டே என்பதை 1931இல் அலுமினியக் கம்பனியொன்றின் இரசாயன அறிஞர் சேர்ச்சில் கண்டறிந்தார்.

அதன்பின் எழுந்த வினா அளவு பற்றியதாகும். பத்து இலட்சம் பங்கு நீரில் ஒரு பங்கு புளோரைட்டு இருப்பின், பெரும்பாலோரிடம் கறை தோன்றுவதில்லை என்பதை 1930களின் இறுதியளவிலே ட்றென்ட்லி டீன் நிறுவினார். 1945 சனவரி 25இல் கிறாண்ட் றப்பிட்ஸ் நகரம் உலகில் முதன்முதலாகக் குடிநீருக்குப் புளோரைட்டைச் சேர்த்தது. அதன்பின் அங்கு பிறந்த பிள்ளைகளிடையே சூத்தை 60 சதவீதத்திற்கு மேற் குறைந்தது.

1950களிற் புளோரைட்டுப் பற்பசையும் விற்பனைக்கு வந்தது. எனினும் சிறு குழந்தை பற்பசையைத் துப்பாது விழுங்கிவிடும். இதனைக் கருத்திற்கொண்டு, மூன்று வயதிற்குட்பட்டோருக்கு அரிசிமணியளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணியளவுமே போதும் என 2014இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அறிவுறுத்தியது. புளோரைட்டு பல வழிகளிலும் உடலிற் சேர்வதனால், 2015இல் அந்நாட்டுக் குடிநீருக்கான பரிந்துரையும் லீற்றருக்கு 0.7 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

இலங்கையின் நிலை வேறு. அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர் வலய மாவட்டங்களின் சில கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த 1.5 மில்லிகிராம் எல்லையை மீறிய புளோரைட்டு இயற்கையாகவே உண்டு. ஆங்கு மக்கே கண்ட கறையே குழந்தைகளின் பற்களிலும் காணப்படுகின்றது. எனவே அங்குள்ள பிரச்சினை புளோரைட்டைச் சேர்ப்பதன்று; மிகையானதை நீக்குவதே. காப்பதும் கெடுப்பதும் ஒரே பொருள். அவற்றைப் பிரிப்பது அளவு ஒன்றே.