லாடெக்கில் அத்தியாயத் தலைப்பு வடிவமைப்பின் வரலாறு

லாடெக் என்பது நூல்கள், ஆய்வேடுகள், கணிதக் கட்டுரைகள் ஆகியவற்றை அச்சுக்கோக்கப் பயன்படும் கட்டற்ற மென்பொருள் ஆகும். ஒரு நூலின் அத்தியாயத் தலைப்பு எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் நூலாசிரியரா, வடிவமைப்பாளரா என்ற கேள்வி அதன் தொடக்க காலம் முதலே இருந்து வருகிறது.

பின்னணி

1977 இல் டொனால்ட் கனூத் தமது நூலின் இரண்டாம் தொகுதிக்கான மெய்ப்புகளைப் பார்த்தபோது, அவற்றின் அச்சுத் தரம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அதன் விளைவாகவே டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை அவர் உருவாக்கத் தொடங்கினார். டெக்கில் எழுத்தின் அளவு, இடைவெளி அனைத்தையும் பயனரே குறிப்பிடலாம். ஆனால் "இது ஓர் அத்தியாயம்" என்று மட்டும் சொல்வதற்கு ஆயத்தக் கட்டளை எதுவும் அதன் அடிப்படையில் இல்லை.

1980களின் தொடக்கத்தில் லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மேல் லாடெக்கை எழுதினார். பிரையன் ரீடு உருவாக்கிய ஸ்கிரைப் அமைப்பின் தாக்கம் இதில் உண்டு. ஆசிரியர் பொருளைக் குறித்தால் போதும், தோற்றத்தை ஆவண வகுப்பு பார்த்துக்கொள்ளும் என்பதே இதன் கொள்கை. லாம்போர்ட்டின் கையேடு 1986 இல் வெளிவந்தது.

இயல்பான தலைப்பு

லாடெக்கின் நூல் வகுப்பில் அத்தியாயம் புதிய பக்கத்தில் தொடங்கும். மேலே 50 புள்ளி (சுமார் 17.5 மில்லிமீட்டர்) வெற்றிடம் விடப்படும். பின்னர் அத்தியாயம் என்னும் சொல்லும் எண்ணும் ஒரு வரியில் தடித்த எழுத்தில் வரும். 20 புள்ளி இடைவெளிக்குப் பின் தலைப்பு இன்னும் பெரிய எழுத்தில் வரும். அதன் கீழ் 40 புள்ளி இடைவெளி இருக்கும்.

இந்த அளவுகள் வகுப்பின் உட்கட்டளை ஒன்றுக்குள் நேரடியாக எழுதப்பட்டிருந்தன. அக்கட்டளையின் பெயரில் 'அட்' குறி இருப்பதால் சாதாரண ஆவணத்தில் அதை நேரடியாக அழைக்க முடியாது. இடைவெளியைச் சற்றுக் குறைக்க விரும்பியவரும் அந்த உட்கட்டளை முழுவதையும் படியெடுத்து மாற்றி எழுத வேண்டியிருந்தது.

மொழிகளின் தேவை

ஆங்கிலத்தில் சொல் முதலிலும் எண் பின்னரும் வரும். அங்கேரிய மொழியில் எண் முன்னே வரும். சீன மொழியிலோ எண்ணின் இருபுறமும் எழுத்துகள் அமையும். அத்தியாயம் என்னும் சொல்லை மொழிபெயர்ப்பதற்குத் தனிக் கட்டளை வந்த பிறகும், இந்த வரிசையை மாற்ற வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது.

பொதிகளின் வருகை

1994 இல் லாடெக்2இ வெளியானது. இதன் பின்னர் தலைப்புகளுக்கான பல வழிகள் உருவாயின.

உல்ஃப் லிண்ட்கிரன் எழுதிய பொதி, சோனி, லென்னி, கிளென் போன்ற பெயர்களில் ஆயத்தத் தோற்றங்களை அளித்தது. ஒரே வரியில் தலைப்பின் தோற்றம் மாறியது.

ஹாவியர் பெசோஸின் டைட்டில்செக் பொதி, எண், இடைவெளி, தலைப்பின் எழுத்துரு ஆகியவற்றைத் தனித்தனியே அமைக்க வழி செய்தது.

மார்கஸ் கோம் 1994 இல் வெளியிட்ட கோமா-ஸ்கிரிப்ட் வகுப்புகள் ஐரோப்பிய அச்சு மரபைப் பின்பற்றின. அவற்றில் அத்தியாயம் என்னும் சொல் இயல்பாக வருவதில்லை. எண்ணும் தலைப்பும் ஒரே வரியில் அமையும்.

பீட்டர் வில்சன் 2001 இல் வெளியிட்ட மெம்வார் வகுப்பில், பெயரிட்ட தலைப்புப் பாணிகளைத் தேர்ந்தெடுக்கவும் புதியவற்றை உருவாக்கவும் முடியும்.

இன்றைய நிலை

2020 முதல் லாடெக் திட்டக்குழு, பார்வையற்றோரின் திரைவாசிப்பான்கள் புரிந்துகொள்ளத்தக்க குறிச்சொல்லிட்ட பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டு வருகிறது. இத்தகைய கோப்பில் தலைப்பு பெரிய எழுத்தாக மட்டும் இருந்தால் போதாது. தலைப்பு என்ற குறிப்பும் உடன் இருக்க வேண்டும். உட்கட்டளைகளை மாற்றி எழுதும் பழைய முறைகள் இக்குறிப்பை இழக்கச் செய்யக்கூடும். எனவே, பொருளையும் தோற்றத்தையும் பிரித்து வைக்கும் லாம்போர்ட்டின் கொள்கை அழகுக்கு மட்டுமன்றி, நூலைப் படிக்கும் வாய்ப்புக்கும் அடிப்படையாகியுள்ளது.