பம்பரு அவித்: கற்பிட்டிக் கரையில் ஹெலனுக்கு வழங்கப்பட்ட தீர்ப்புகள்

புத்தளம் மாவட்டக் கடற்கரையை இலங்கைத் திரைப்பட வரலாற்றில் நிலைபெறச் செய்த படம் எது என்று கேட்டால், தர்மசேன பத்திராஜ இயக்கி 1978 ஆம் ஆண்டு வெளிவந்த 'பம்பரு அவித்' என்றே பலரும் சொல்வர். கற்பிட்டியின் மீனவக் குடியிருப்பு ஒன்றில் நிகழும் கதை அது. சிங்களத் திரைப்படத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைவுற்ற 1997 இல், அரசு நியமித்த குழு தெரிந்தெடுத்த சிறந்த பத்துப் படங்களுள் இதற்கு நான்காம் இடம் கிடைத்தது. விமரிசகர்கள் அளித்த இடம் அது. பார்த்தவர்களோ இன்றுவரை ஒருமித்த கருத்துக்கு வந்ததில்லை. ஒருவனுக்கென்று பேசி வைக்கப்பட்ட பெண்ணின் மனம் வேறொருவனை நாடுவதைக் காட்டிய படத்தைப் பற்றி அப்படி எளிதில் ஒருமித்துவிடவும் முடியாது. அந்தக் கருத்து வேறுபாடுகளைச் சற்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தலைப்பு. 'பம்பரா' என்பது பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு கட்டும் பெருந்தேனீ. சிங்களக் கவிமரபில் அது மலரைத் தேடி வருவது; ஆதலால் காதலனுக்கு உவமை. கூடு கலைந்தால் கூட்டமாக வந்து கொட்டுவதும் அதுவே. தமிழில் 'குளவிகள் வந்துவிட்டன' என்று இத்தலைப்பை மொழிபெயர்க்கும்போது கொட்டுவது மட்டும் எஞ்சுகிறது. மலர் விடுபட்டுப் போகிறது. படத்தைப் பார்த்தவர்களும் இவ்விரு பொருள்களுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதை விட்டவர்களே என்பது என் எண்ணம்.

கதை சிக்கலற்றது. நகரத்திலிருந்து விக்டர் என்னும் வசதி படைத்த இளைஞன் தன் நண்பர்களுடன் மீன் வியாபாரத்தைக் கையில் எடுக்கக் கடற்கரைக் கிராமத்துக்கு வருகிறான். அங்கே ஏற்கெனவே வியாபாரத்தில் வேரூன்றியிருப்பவர் அன்டன். ஊர்ப்பெண் ஹெலன், அவ்வூர் இளைஞன் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். விக்டரின் கண் அவள்மீது விழுகிறது. அவள் மனமும் அவன்பால் செல்கிறது. வியாபாரப் போட்டியும் பெண்ணைப் பற்றிய பகையும் ஒன்றோடொன்று பிணைந்து வன்முறையில் முடிகின்றன. விக்டராக விஜய குமாரதுங்க, ஹெலனாக மாலினி பொன்சேகா, அன்டனாக ஜோ அபேவிக்ரம. மூவரும் இன்று நம்மிடையே இல்லை. விஜய 1988 பெப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜோ 2011 இலும் மாலினி 2025 மே மாதத்திலும் மறைந்தனர். பத்திராஜ 2018 ஜனவரியில் காலமானார்.

இக்கதை ஏன் கற்பிட்டிக்குப் பொருந்துகிறது என்பதைக் கரையோர வாழ்வை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புத்தளம் களப்புக்கும் ஆழ்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் இக்குடாநாட்டுக்கு வெளியூரார் வருவது புதிதன்று. ஒல்லாந்தர் 1667 இல் இங்கே கோட்டை கட்டத் தொடங்கியதும் களப்பின் வாயிலையும் வணிகத்தையும் கட்டுப்படுத்தவே. கடற்றொழிலிலும் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து பருவத்துக்குப் பருவம் மீனவர் வந்து வாடி அமைத்துத் தங்குவதும், பருவம் மாறியதும் வாடியைப் பிரித்துக்கொண்டு திரும்புவதும் பழகிய வழக்கம். அவர்களோடு பணமும் வரும், புதிய பழக்கங்களும் வரும், இளைஞர்களும் வருவர். வலைக்கும் வள்ளத்துக்கும் முன்பணம் கொடுப்பவரே பிடிபட்ட மீனுக்கு விலையையும் தீர்மானிப்பார். தொழிலாளிக்குக் கிடைப்பது பங்கு. பங்கு போதாதபோது கிடைப்பது கடன். கடன் பட்ட குடும்பத்துக்குத் தன் மகளின் திருமணத்தைத் தீர்மானிக்கும் சுதந்திரம் எவ்வளவு இருக்கும் என்பதையும் வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

படம் வெளிவந்த காலமும் கவனத்துக்குரியது. 1977 ஜூலைத் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்தனவின் ஆட்சி அமைந்து, பொருளாதாரத்தின் கதவுகள் அகலத் திறந்துவிடப்பட்டன. அடுத்த ஆண்டே, நகரத்துப் பணம் கிராமத்துக் கரையில் வந்திறங்கும் படம் திரைக்கு வருகிறது. பின்னாளில் இறால் பண்ணைகளும், நுரைச்சோலை அனல்மின் நிலையமும், கற்பிட்டித் தீவுகளைச் சுற்றுலா விடுதிகளுக்கு ஒதுக்கும் திட்டங்களும் வந்து காணிப் பிரச்சினைகள் எழுந்தபோது, இப்படத்தின் தலைப்பு பலருக்கு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

பத்திரிகையாளனாக இக்கரையோரம் திரிந்த ஆண்டுகளில் இப்படத்தைப் பற்றிக் கேட்க நேர்ந்த கருத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஊரின் மானம் பற்றிய தீர்ப்பு. நிச்சயிக்கப்பட்ட பெண் வாக்குத் தவறினாள். அதனால் ஊர் அழிந்தது. இப்படிப் பார்ப்பவர்களுக்கு இது எச்சரிக்கைப் படம். வேறு சிலர் இதே காரணத்துக்காகவே படத்தைக் கண்டிப்பர்: கடற்கரைப் பெண்களை இவ்வாறு காட்டுவது எங்கள் சமூகத்துக்கு இழுக்கு என்பது அவர்கள் வாதம். ஒருவர் புகழ்கிறார், மற்றவர் இகழ்கிறார். ஆனால் இருவரின் அளவுகோலும் ஒன்றே. கேரளத்தில் 'செம்மீன்' எழுப்பிய விவாதமும் இதற்கு நெருங்கியது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956 இல் எழுதிய நாவலை ராமு காரியாட் 1965 இல் படமாக்கினார். தென்னிந்தியப் படங்களுள் முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது அதுவே. கடலில் இருக்கும் கணவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியிருக்கிறது என்னும் நம்பிக்கையின் மீது எழுப்பப்பட்ட கதை அது. கருத்தம்மாவின் ஆசைக்குக் கடலம்மா தண்டனை கொடுக்கிறாள். 'பம்பரு அவித்' படத்தில் கடல் யாரையும் தண்டிப்பதில்லை. ஊரை உடைப்பது பணமும் அதிகாரமும். பெண்ணின் மீறலே அழிவுக்குக் காரணம் என்று இப்படத்தைப் படிப்பவர்கள், உண்மையில் 'செம்மீன்' கதையையே கற்பிட்டியில் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டாவது, வர்க்கம் பற்றிய தீர்ப்பு. எழுபதுகளின் இடதுசாரிச் சூழலில் வளர்ந்தவர்களும் பல்கலைக்கழகங்களில் திரைப்படம் பயின்றவர்களும் பெரும்பாலும் இவ்வழியே செல்வர். விக்டர் நகர முதலாளித்துவம். அன்டன் பழைய கிராமத்து வணிகம். ஹெலன் சுரண்டப்படும் கிராமம். மீனை அள்ளிச் செல்வது போலவே பெண்ணையும் அள்ளிச் செல்ல வருகிறான் என்பது விளக்கம். இதில் உண்மை இல்லாமலில்லை. பத்திராஜவே அத்தகைய அரசியல் நோக்குடையவர். 1974 இல் வெளிவந்த அவரது முதற்படமான 'அஹஸ் கவ்வ' வேலையற்ற நகர இளைஞரைப் பற்றியது. ஆனால் இந்த விளக்கத்திலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஹெலன் 'கிராமம்' ஆகிவிட்டால், அவள் விக்டரை ஏறெடுத்துப் பார்த்ததற்கு என்ன பொருள்? மீன் வலையை விரும்புவதில்லை. ஹெலனோ விரும்பினாள். அவளது விருப்பத்தை ஏமாற்றப்பட்ட மயக்கம் என்று மட்டும் கொள்வது, முதல் தரப்பாரின் 'வாக்குத் தவறியவள்' என்ற பட்டத்தைவிட இரக்கமுள்ளதாக இருக்கலாம். அவளை அதிகம் மதிப்பதாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, தமிழ்ப் பார்வையாளர் சிலர் எழுப்பும் மொழி பற்றிய கேள்வி. தமிழ் பேசும் முஸ்லிம்களும், தமிழ், சிங்களக் கத்தோலிக்கரும் நெடுங்காலமாக அருகருகே வாழும் இடம் கற்பிட்டி. 'தமிழ் புளூட்டார்க்' என்ற நூலை 1859 இல் ஆங்கிலத்தில் எழுதித் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்த சைமன் காசிச்செட்டி 1807 இல் பிறந்த ஊரும் இதுவே. ஆனால் படத்தின் ஊர் சிங்களம் பேசும் ஊர். அப்படியானால் எங்கள் கரை எங்கே போயிற்று என்று கேட்பதில் நியாயம் உண்டு. இக்கரையோரத்தில் மொழி மாறிய கதை வீடுகளுக்குள்ளேயே நடந்தது. 1940 முதல் 1972 வரை சிலாப மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகையின் காலத்தில் பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறியதும், தமிழில் செபம் சொன்ன பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் சிங்களம் பேசி வளர்ந்ததும் பலர் அறிந்ததே.

ஆயினும் பத்திராஜவைத் தமிழரை மறந்தவர் என்று குற்றஞ்சாட்ட முடியாது. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய அவர், காவலூர் ராஜதுரையின் எழுத்தில் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை 1977 இல் வெளிக்கொணர்ந்தார். சீதனம் சேராததால் மூத்தவளின் திருமணம் தள்ளிப்போக, இளையவள் பொன்மணி சாதி வரம்பை மீறி ஒருவனுடன் செல்கிறாள். அதற்கு விலையாக உயிரை இழக்கிறாள். யாழ்ப்பாணத்து எழுத்தாளரும் பல்கலைக்கழகத்தாரும் நாடகக்காரரும் நடித்த அப்படம் திரையரங்குகளில் நீடிக்கவில்லை. தமிழ்நாட்டுப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் வசனத்துக்கும் பழகியவர்களுக்கு அதன் நிதானம் பொறுமையைச் சோதித்திருக்கும். தன் வீட்டுச் சீதனக் கணக்கைத் திரையில் பார்க்க யார்தான் காசு கொடுத்து வருவார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மொழி நம்முடையதாக இருந்தும் படத்தை நாம் வரவேற்கவில்லை என்பதை மூன்றாம் தரப்பார் நினைவில் கொள்வது நன்று.

மூன்று தீர்ப்புகளும் வெவ்வேறானவை. ஆனால் மூன்றிலும் ஒரு கேள்வி கேட்கப்படாமலே விடப்பட்டிருக்கிறது: ஹெலனுக்கு என்ன வேண்டும்? முதல் தரப்பாருக்கு அவள் ஊரின் மானம். இரண்டாம் தரப்பாருக்கு ஊரின் உழைப்பு. மூன்றாம் தரப்பாருக்கு அவள் பேசும் மொழியே பிரச்சினை. நிச்சயிக்கப்பட்டபோது அவள் சம்மதம் கேட்கப்பட்டதா என்பதில் எவருக்கும் அக்கறையில்லை.

இது ஒரு படத்தைப் பற்றிய குறை மட்டுமென்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இக்கரையின் சமூகங்கள் அனைத்திலும் இக்கேள்வி பிந்தியே வந்திருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்களில் மணமகளின் சம்மதத்தைக் குருவானவர் பீடத்தின் முன் கேட்பார். ஆனால் அதற்கு முன்பே கோவிலில் அறிவித்தலும் முடிந்து, ஊருக்கே தெரிந்து, விருந்துக்கும் ஆயத்தமாகியிருக்கும். அந்த வேளையில் 'இல்லை' என்று சொல்ல எத்தனை பெண்களால் முடியும்? 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகளின் கையொப்பத்துக்கு இடம் வைக்கப்படவில்லை. அவளுக்காக 'வலி' எனப்படும் பொறுப்பாளரே ஒப்பமிட்டார். இதை மாற்ற வேண்டுமென்று புத்தளத்து முஸ்லிம் பெண்களே முன்னின்று பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்பது இம்மாவட்டத்துக்குப் பெருமை. இந்துக் குடும்பங்களில் சாதகமும் சீதனமும் பொருந்திய பின்னர் பெண்ணுக்குச் செய்தி சொல்லப்படும். சட்டங்களும் சடங்குகளும் வேறு வேறு; கேட்கப்படாத கேள்வி ஒன்றே.

திரையில் அக்கேள்வி எழும்போதெல்லாம் கூச்சல் எழுவதற்கும் இதுவே காரணம் என்று தோன்றுகிறது. தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1998 இல் இந்தியாவில் திரையிடப்பட்டபோது, மணவாழ்வில் அன்பு காணாத இரு பெண்களின் உறவைச் சித்திரித்தமைக்காக மும்பையிலும் டில்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. நம் நாட்டில் அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' 2006 இல் தணிக்கைச் சபையின் அனுமதியைப் பெற்ற பின்னரும் அமைச்சரின் தலையீட்டால் தடுக்கப்பட்டது. அவற்றோடு ஒப்பிடும்போது 'பம்பரு அவித்' அதிர்ஷ்டம் செய்த படம். பார்த்தவர்கள் சண்டையிட்டுக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். தடை செய்யப்பட்ட படத்தைப் பற்றி நாம் தடையை மட்டுமே விவாதிக்கிறோம். தடுக்கப்படாத படத்தைப் பற்றியே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், ஹெலன் செய்தது சரியா என்று வாதாட முடிகிறது.

பத்திராஜவும் முழுப் பதிலைத் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்களின் வாதங்களுக்கும் போட்டிக்கும் படம் தரும் நேரம் ஹெலனின் மனத்துக்குக் கிடைக்கவில்லை. அவளது விருப்பத்தையும் அச்சத்தையும் மாலினியின் முகத்திலிருந்தே நாம் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனினும் அந்த முகம் பொய் சொல்லவில்லை. விக்டரைப் பார்க்கும்போது அதில் தெரிவது சுரண்டப்படுபவளின் மயக்கம் மட்டுமன்று. தன் கரைக்கு அப்பால் வேறொரு வாழ்வு உண்டு என்று கண்டுகொண்ட பெண்ணின் ஆவலும் அதில் இருக்கிறது. விக்டர் அந்த ஆவலுக்குத் தகுதியானவன் அல்லன் என்பது வேறு விடயம். தகுதியற்றவனை விரும்பினாள் என்பதற்காக, விரும்பும் உரிமையே அவளுக்கு இல்லை என்று ஆகிவிடாது.

'பம்பரு அவித்' படத்தை இனிப் பார்ப்பவர்கள் ஊரையும் வர்க்கத்தையும் மொழியையும் மறக்க வேண்டியதில்லை. அவை எல்லாம் படத்தில் இருக்கின்றன. ஆனால் தீர்ப்பை எழுதுவதற்கு முன் ஒருமுறை, அவளைப் பேசி முடித்த நாளில் அவளிடம் யார் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். கற்பிட்டியில் மட்டுமன்று, அவரவர் வீட்டிலும்.