கரை சேராத கப்பலுக்குக் கணக்குத் தீர்ப்பவர்கள்

திருக்கோஷ்டியூரிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல் தெரியாது. சௌமியநாராயணப் பெருமாள் கோயிலின் உயரமான விமானத்தில் ஏறி நின்றாலும் கண்ணில் படுவது கண்மாயும் வயலும் பனையும்தான். ஆனால் இந்த வட்டாரத்துச் செட்டிநாட்டு வீடுகளில் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். பட்டாலையில் நிற்பது பர்மாத் தேக்கு. காலடியில் இத்தாலியப் பளிங்கு. சுவரில் பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு. அத்தனையும் கப்பலேறி வந்தவை. வரும் வழியில் கப்பல் மூழ்கியிருந்தால் நஷ்டம் யாருடையது? இந்தக் கேள்விக்கு மனிதர்கள் சுமார் 4,000 ஆண்டுகளாக விடை தேடியிருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த விடைதான் கப்பல் காப்பீடு. அது உலகம் சுற்றிச் செட்டிநாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

முதல் தடயம் பாபிலோனில் இருக்கிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் ஹம்முராபி சட்டத் தொகுப்பில் 103ஆம் விதி இப்படிச் சொல்கிறது: முதலாளியின் பொருளோடு வெளியூர் போன ஏஜெண்டை வழியில் எதிரிகள் கொள்ளையடித்துவிட்டால், அவர் கடவுள்மேல் சத்தியம் செய்துவிட்டுக் கடனிலிருந்து விடுபடலாம். முதலாளி ஊரில் இருக்க, ஏஜெண்ட் அக்கரையில் கடை நடத்திய செட்டிநாட்டு வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும்.

அடுத்து ஏதென்ஸ். அந்த நகரம் கருங்கடல் கோதுமையை நம்பி வாழ்ந்தது. கப்பல் வணிகருக்கு அங்கே ஒரு தனி வகைக் கடன் கிடைத்தது. கப்பல் பத்திரமாகத் திரும்பினால் அசலும் வட்டியும் கொடுக்க வேண்டும். மூழ்கினால் ஒரு காசும் தர வேண்டாம். கடனும் காப்பீடும் ஒரே ஓலையில். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய ஒப்பந்தம் ஒன்று ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸின் வழக்குரைகளோடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. 1,000க்கு வட்டி 225. ஆனால் வானில் ஆர்க்டூரஸ் விண்மீன் உதித்த பிறகு கருங்கடலை விட்டுக் கிளம்பினால் 300. ஆர்க்டூரஸ் வேறெதுவும் இல்லை, நம் பஞ்சாங்கத்தின் சுவாதி நட்சத்திரம். இலையுதிர் காலப் புயல்கள் தொடங்கும் நேரத்தை அது காட்டியது. ஆபத்து கூடினால் கட்டணமும் கூடும் என்ற இன்றைய பிரீமியக் கணக்கை அவர்கள் சுவாதியைப் பார்த்தே போட்டார்கள்.

மோசடியும் அப்போதே பிறந்துவிட்டது. ஹெகஸ்ட்ராடோஸ் என்ற கப்பல்காரன் கூட்டாளியோடு சேர்ந்து சிராக்யூஸில் கடன் வாங்கினான். அந்தப் பணத்துக்குச் சரக்கு ஏற்றாமல், அதை மசாலியாவுக்கு அனுப்பிவிட்டான். நடுக்கடலில் கப்பலை மூழ்கடித்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமே! இரவில் அடித்தளத்தில் இறங்கிப் பலகையை அறுக்கத் தொடங்கினான். சத்தம் கேட்டுப் பயணிகள் ஓடிவந்தார்கள். தப்பிக்கக் கடலில் குதித்தவன் இருட்டில் படகைப் பிடிக்க முடியாமல் மூழ்கிப்போனான். கப்பலோ தப்பிக் கரை சேர்ந்தது. காப்பீட்டு மோசடிக்கு உலகில் கிடைக்கும் மிகப் பழைய வழக்குப் பதிவுகளில் இதுவும் ஒன்று.

ரோட்ஸ் தீவுக்காரர்கள் இன்னொரு வழியைக் கண்டார்கள். புயலில் கப்பலைக் காப்பாற்ற ஒருவரின் மூட்டைகளைக் கடலில் எறிய வேண்டி வந்தால், சரக்கு தப்பிய எல்லோரும் கப்பல்காரரும் சேர்ந்து அந்த நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த ரோமானியச் சட்ட நூல் இதை ரோடியர் சட்டம் என்ற பெயரிலேயே பதிவு செய்தது. திருக்கோஷ்டியூர் வாசகருக்கு இங்கே இராமானுசர் நினைவுக்கு வருவார். குரு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து பெற்ற மந்திர உபதேசத்தை, தனக்கு நரகமே கிடைத்தாலும் சரி என்று அவர் இந்த ஊரில் எல்லோருக்கும் அறிவித்தார் என்பது வைணவ மரபு. பலருக்காக ஒருவர் சுமையேற்ற ஊர் இது. ரோடியர் சட்டத்தில் ஒருவருக்காகப் பலர் சுமையேற்றார்கள்.

தமிழகக் கரைக்கும் இந்தக் கதையில் பழைய பங்கு உண்டு. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பாப்பிரஸ் ஏடு ஒன்று இருக்கிறது. 1985இல் வெளியானபோது அறிஞர் உலகமே திரும்பிப் பார்த்தது. அதில் பேசப்படுவது சேர நாட்டு முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். பின்பக்கத்தில் ஹெர்மாபொலோன் என்ற கப்பலில் வந்த தந்தம், கங்கைப் பகுதிச் சடாமாஞ்சில் முதலிய சரக்குகளின் மதிப்புக் கணக்கு. ரோமானிய அரசு நாலில் ஒரு பங்கைச் சுங்கமாக எடுத்துக்கொண்டது. ஏதென்ஸின் கடற்கடன் மரபு முசிறிவரை நீண்டதற்கு இந்த ஏடு சாட்சி.

தமிழ் வணிகர் தமக்கென அமைப்பும் வைத்திருந்தார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088இல் சுமத்ராவின் பரூஸ் துறைமுகப் பகுதியில் ஒரு தமிழ்க் கல்வெட்டை நட்டது. அங்கே வரும் மரக்கலத் தலைவர் முதலானோர் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன் கட்ட வேண்டும் என்பது அதன் செய்தி. திருக்கோஷ்டியூருக்கு இன்னும் பக்கத்தில், திருப்பத்தூர், சிங்கம்புணரி தாண்டிப் பிரான்மலைக்குப் போனால் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றைப் பார்க்கலாம். மிளகு, பாக்கு, சுக்கு, இரும்பு, நூல் என்று தொடங்கி அகில், சந்தனம், பன்னீர், குதிரை, யானை வரை ஒவ்வொரு சரக்குக்கும் கோயிலுக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தாங்களே விதித்துக்கொண்ட பட்டியல் அது. பிற்கால வணிகர் மகமை என்று சொன்ன வழக்கத்தின் மூத்த வடிவம். கடலோரமே இல்லாத ஊரில் கடல் கடந்து வந்த பன்னீருக்கும் குதிரைக்கும் விகிதம் எழுதி வைத்திருக்கிறார்கள். இது காப்பீடு அல்ல. ஆனால் வணிகம் செய்கிறவர்கள் ஒன்றுகூடிப் பொதுவில் ஒரு பங்கு ஒதுக்கும் பழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டுகிறது.

மறுபக்கம் ஐரோப்பாவில் ஒரு தடை வந்தது. 13ஆம் நூற்றாண்டில் போப் 9ஆம் கிரிகோரி, கடற்கடனும் வட்டித் தொழில்தான், பாவம்தான் என்று தீர்ப்பளித்தார். வணிகர்கள் சும்மா இருக்கவில்லை. கடனையும் காப்பையும் இரண்டாகப் பிரித்தார்கள். 1347இல் ஜெனோவாவில் எழுதப்பட்ட பத்திரம் ஒன்று இன்றும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் வட்டியில்லாக் கடன். உண்மையில் மஜோர்க்காவுக்குப் போகும் கப்பலுக்கான காப்பீடு. கப்பல் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தால் பத்திரம் செல்லாது. சேராவிட்டால் பணம் கொடுக்க வேண்டும். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய காப்பீட்டு ஒப்பந்தமாக இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு போப்பின் தடை ஒரு தொழிலையே பெற்றெடுத்தது.

இத்தாலிய வணிகர்கள் இந்தப் பத்திரத்தை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு வீடு கொடுத்தது ஏமன் நாட்டிலிருந்து பரவிய காப்பி. எட்வர்ட் லாயிட் என்பவர் 1680களில் தேம்ஸ் நதிக்கரை அருகே ஒரு காப்பிக் கடை நடத்தினார். அவர் யாருக்கும் காப்பீடு விற்கவில்லை. சூடான காப்பி, உட்கார மேசை, எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்ற செய்தி ஆகியவற்றைக் கொடுத்தார்; அவ்வளவுதான். மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் பணக்காரர்களும் அங்கே கூடினார்கள். தரகர் ஒரு தாளில் கப்பல் பெயரையும் பயண விவரத்தையும் எழுதி மேசை மேசையாகக் கொண்டுபோவார். தாங்கத் தயாராக இருப்பவர், தான் ஏற்கும் தொகையையும் பெயரையும் கீழே எழுதுவார். அதற்கடியில் இன்னொருவர், அதற்கும் கீழே வேறொருவர். மொய் நோட்டில் பெயரும் தொகையும் வரிசையாக இறங்குவதுபோல் அந்தத் தாள் நிரம்பும். நிரம்பிவிட்டால் கப்பல் கிளம்பலாம்.

வெற்றி இருக்கும் இடத்தில் போலிகளும் வருவார்கள். கப்பலில் எந்தச் சரக்கும் இல்லாதவர்கள் கூட, அது மூழ்குமா மூழ்காதா என்று பந்தயம் கட்டிப் பாலிசி எடுத்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. சூதாட்டம் பெருகிய பழைய கடையை வெறுத்த காப்பீட்டாளர்கள் 1769இல் பிரிந்துபோய்ப் புதிய லாயிட்ஸ் என்று அதே பெயரில் கடை திறந்தார்கள். இன்றைய லாயிட்ஸ் அந்தப் புதிய கடையின் வாரிசு. கப்பலின் உடல் உறுதியையும் கருவிகளின் தரத்தையும் மதிப்பிட 1760இல் தனி அமைப்பு ஒன்று உருவானது. அது வெளியிட்ட கப்பல் பதிவேடு, முதல்தரக் கப்பலுக்கு ஏ1 என்று குறி போட்டது. நம் கடைக்காரர்கள் சரக்கைப் புகழ்ந்து சொல்லும் ஏ1 அங்கிருந்து வந்ததுதான்.

இந்தத் தொழிலின் இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1781இல் ஸோங் என்ற கப்பலின் மாலுமிகள், குடிநீர் போதாது என்று காரணம் காட்டி, அடிமைகளாகக் கொண்டுவந்த 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் எறிந்தார்கள். கப்பலின் முதலாளிகள், கப்பலைக் காக்கச் சரக்கை எறிந்தோம் என்ற அதே பழைய விதியைக் காட்டிக் காப்பீட்டுத் தொகை கேட்டு நீதிமன்றம் போனார்கள். அடிமை ஒழிப்பு இயக்கத்தைத் தட்டியெழுப்பிய வழக்குகளில் இது முக்கியமானது.

பத்திரம் இந்தியாவுக்கு ஆங்கிலேயரோடு வந்தது. கல்கத்தாவில் 1850இல் டிரைட்டன் இன்சூரன்ஸ் தொடங்கியது. 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1856இல் கல்கத்தா–ரங்கூன் தபால் கப்பல்களை ஓட்ட உருவான நிறுவனம் பின்னர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் ஆனது. நகரத்தார் அந்தக் கப்பல்களில் ஏறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனார்கள். மூன்றாண்டுக் கணக்குக்குப் போகும் ஏஜெண்ட் முதல் பெட்டியடிப் பையன் வரை அக்கரைச் சீமைக் கிட்டங்கியில் வாழ்ந்தார்கள். பணத்தை மூட்டையாகக் கட்டிக் கப்பலேற்றாமல் உண்டியல் எழுதி மாற்றிக்கொண்டதால் கடலின் ஆபத்து பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு லண்டன் பாலிசிகள் இருந்தன.

அந்தப் பாலிசியை நாமே ஏன் எழுதக் கூடாது என்று கேட்டு, செயலிலும் காட்டியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10 அன்று அவர் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கதவு திறந்தது. அடுத்த ஆண்டு யுனைடெட் இந்தியா தீ மற்றும் பொதுக் காப்பீட்டு நிறுவனம் உருவானது. அதே குழுமத்தின் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக மவுண்ட் ரோட்டில் அவர் எழுப்பத் தொடங்கிய கட்டடம்தான் இன்றைய எல்.ஐ.சி. கட்டடம். அது திறக்கப்பட்டது 1959இல். அதைக் காண அவர் இல்லை. 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் அவர் இறந்துவிட்டார். பொதுக் காப்பீடு 1973இல் தேசியமயமானபோது நாடு முழுவதும் 107 நிறுவனங்கள் நான்காகச் சுருங்கின. அந்த நான்கில் ஒன்று யுனைடெட் இந்தியா. இன்றும் சென்னைதான் அதன் தலைமையிடம்.

ஆனால் செட்டிநாட்டின் பெருநஷ்டம் கடலில் நேரவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாததால், கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. பலர் கணக்குப் புத்தகத்தோடு கால்நடையாகத் திரும்பினார்கள். நிலம் பிறகு பர்மிய அரசின் சட்டங்களில் கரைந்தது. எந்தப் பாலிசியும் இதற்குக் கை கொடுத்திருக்காது. ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பார்த்து மிரண்ட லண்டன் காப்பீட்டாளர்கள், தரையில் நடக்கும் போருக்குக் காப்பு தருவதில்லை என்று 1930களின் இறுதியிலேயே உடன்பாடு செய்துகொண்டிருந்தார்கள். சரக்கு நீரில் மிதக்கும் வரைதான் போர்க் காப்பு.

ரோடியர் சட்டம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்த எவர் கிவன் கப்பல் நினைவிருக்கிறதா? அதன் மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். கப்பலை மீட்ட செலவில் சரக்குக்காரர்களும் பங்கு தர வேண்டும் என்று உரிமையாளர் அறிவித்தார். ஜெனரல் ஆவரேஜ் என்று கப்பல் தொழிலில் சொல்வது இதைத்தான். ஒரு கீறலும் படாத கண்டெய்னருக்கும் உத்தரவாதம் கொடுத்தால்தான் விடுதலை. காப்பீடு இருந்தவர்களுக்கு அதை அவர்களுடைய நிறுவனம் கொடுத்தது. இல்லாதவர்கள் கைப்பணத்தைக் கட்ட வேண்டிய நிலை.

ஆத்தங்குடிக் கல்லோ, கரூர் துணியோ, திருப்பூர் பனியனோ கப்பலேற்றும் சிறு வணிகர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். எஃப்.ஓ.பி. விலைக்கு விற்றால் காப்பீடு சரக்கை வாங்குகிறவரின் பொறுப்பு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சரக்கு கப்பலில் ஏறும்வரை ஆபத்து உங்களுடையதுதான். கடல் சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்ற மூன்று வகை விதிகள் உண்டு. குறைந்த செலவிலான சி வகை கூட ஜெனரல் ஆவரேஜ் பங்கைத் தாங்கும். அடுத்த கண்டெய்னரை ஏற்றுமுன் அந்தப் பாலிசியை எடுத்துவிடுங்கள்.